ஏர் பில்டரைக் கழற்றினால் இழுவை கூடுமா?

புல்லுக்கட்டு, பால் கேன், உர மூட்டை என எல்லாச் சுமையும் இன்று மோட்டார் சைக்கிளிலும் மொபெட்டிலும்தான் வயலுக்கும் வீட்டுக்கும் போய் வருகின்றன. சில ஆண்டுகள் ஓடியபின் வண்டி மேட்டில் திணறத் தொடங்கும். உடனே ஏர் பில்டர் பெட்டியில் துளையிடுவதும், உள்ளிருக்கும் பில்டரையே எடுத்து எறிந்துவிடுவதும் பல ஊர்களில் வழக்கமாக இருக்கின்றது. கழற்றிய அன்று வண்டி நன்றாக இழுக்கவும் செய்கின்றது. இந்தப் பழக்கம் பரவுவதற்குக் காரணமே அதுதான். ஆனால் அந்த இழுவை எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டவர்கள் பில்டரைத் தூக்கி எறியமாட்டார்கள்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று தேவை. கொள்ளளவில் சொன்னால், 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. அதாவது 200 லிட்டர் பீப்பாயில் 45 பீப்பாய். இவ்வளவு காற்றும் பில்டர் வழியாகத்தான் செல்கின்றது. கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகின்றது. அந்தக் குறைவே ஜெட் என்னும் சிறு துளை வழியாகப் பெட்ரோலை உறிஞ்சி எடுக்கின்றது. பில்டரும் பெட்டியும் காற்றுக்குக் கொடுக்கும் சிறு தடையையும் கணக்கில் கொண்டே ஜெட்டின் அளவு நிர்ணயிக்கப்படுகின்றது.

பில்டர் அடைத்துக்கொண்டால் காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்துவிடும். வண்டி திணறும், கரும்புகை வரும், பெட்ரோல் செலவு கூடும். இந்த நிலையில் பில்டரைக் கழற்றினால் இழுவை திரும்புவது இயற்கையே. ஆனால் பில்டரைச் சுத்தம் செய்திருந்தாலோ புதிதாக மாற்றியிருந்தாலோ அதே இழுவை கிடைத்திருக்கும். பெட்டி இல்லாத வண்டி சத்தமாக உறுமும். அந்த உறுமலைச் சக்தி என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு.

கழற்றியபின் வரும் கேடு

பில்டர் இல்லாதபோது காற்று மிகுந்து, கலவையில் பெட்ரோல் குறைகின்றது. சுமையுடன் மேடு ஏறும்போது இயந்திரம் மிகையாகச் சூடேறும். பெட்ரோலுடன் ஆயில் கலந்து ஊற்றும் பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட்டுகளில் ஆபத்து இன்னும் பெரிது. அவற்றில் பிஸ்டனுக்கு மசகு எண்ணெய் பெட்ரோலுடன்தான் வந்து சேருகின்றது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது தூசி. மணலில் உள்ள குவார்ட்ஸ் துகள் சிலிண்டரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. களத்துமேட்டுத் தூசியும் செம்மண் சாலைப் புழுதியும் உள்ளே சென்று ஆயிலுடன் கலந்தால், சாணைக்கல் வைத்துத் தேய்ப்பது போல ரிங்குகளையும் சிலிண்டரையும் தேய்த்துவிடும். இது ஒரே நாளில் தெரிவதில்லை. அழுத்தம் மெல்லக் குறைந்து, நீலப் புகை வரத் தொடங்கும்போது சிலிண்டரைக் கடைந்து புதிய பிஸ்டன் போடவேண்டிய நிலை வந்திருக்கும். ஒரு பில்டரின் விலையையும் அந்த வேலைக்கு ஆகும் செலவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பந்தய வண்டிகளில் பில்டரை மாற்றுகின்றார்களே என்று கேட்கலாம். அவர்கள் அதற்கேற்ப ஜெட்டையும் மாற்றுகின்றார்கள். இயந்திரத்தையும் அடிக்கடி பிரித்துச் சீர்செய்கின்றார்கள்.

சுத்தம் செய்யும் முறை

பஞ்சு பில்டரைச் சோப்பு நீரில் அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் நன்கு உலர்த்த வேண்டும். பிறகு சிறிது இன்ஜின் ஆயிலில் நனைத்து, மிகுதியைப் பிழிந்துவிட்டுப் பொருத்த வேண்டும். தூசியைப் பிடிப்பது அந்த ஆயில்தான். உலர்ந்த காகித பில்டரை நீரில் நனைக்கக்கூடாது. மெதுவாகத் தட்டி, உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகக் குறைந்த காற்றழுத்தத்தில் ஊதலாம். பிசுபிசுப்பான ஆயில் பூசிய காகித பில்டரை ஊதவும் கூடாது. உரிய காலத்தில் மாற்றிவிட வேண்டும். அறுவடைக் காலத்தில் கையேட்டில் சொன்ன கெடுவுக்கு முன்னதாகவே பில்டரைப் பார்ப்பது நலம். பெட்டியில் முன்பே துளையிட்டிருந்தால் பெட்டியை மாற்றவும். பெட்டிக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால், பில்டர் இருந்தும் பயனில்லை.

கார்புரேட்டர் ட்யூனிங்

பில்டர், ஸ்பார்க் பிளக், வால்வு இடைவெளி ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகே கார்புரேட்டரைத் தொடவேண்டும். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும் வண்டிக்கும், டயரில் காற்று குறைந்த வண்டிக்கும் கார்புரேட்டரைத் திருகிப் பயனில்லை. இப்படித் திருகியே கெடுத்த வண்டிகள் ஏராளம்.

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி நிறுத்தவும். கலவைத் திருகை மென்மையாக உள்ளே முழுவதும் திருகி, எத்தனை சுற்று போயிற்று என்று எழுதி வைத்துக்கொள்ளவும். இறுக்கினால் உள்ளே ஊசிமுனையும் அது அமரும் இடமும் கெட்டுவிடும். மீண்டும் அதே அளவு வெளியே திருப்பி, இயந்திரத்தை இயக்கி, ஐடிலிங் வேகத்தைச் சற்றே கூட்டவும். பின் கலவைத் திருகைக் கால் கால் சுற்றாகத் திருப்பி, ஓட்டம் அதிக வேகமாகவும் சீராகவும் உள்ள இடத்தில் நிறுத்தவும். கடைசியில் ஐடிலிங்கைப் பழைய வேகத்துக்குக் குறைக்கவும். பில்டர் பக்கம் உள்ள திருகு காற்றைக் கட்டுப்படுத்துவது. அதை உள்ளே திருகினால் பெட்ரோல் விகிதம் கூடும். இயந்திரத்தின் பக்கம் உள்ள திருகு இதற்கு நேர்மாறு.

இந்தத் திருகு ஆக்சிலரேட்டரின் முதல் கால் பங்குக்கு மட்டுமே பொறுப்பு. நடு வேகத்துக்கு ஊசியும், முழுச் சுமைக்கு மெயின் ஜெட்டும் பொறுப்பு. சுமையில் வண்டி திணறினால் திருகைத் திருகிக்கொண்டே இருப்பதில் பொருளில்லை. அப்போது ஓடிக்கொண்டிருக்கும்போதே சோக்கைச் சிறிது இழுத்துப் பார்க்கலாம். இழுவை கூடினால் பெட்ரோல் போதவில்லை. ஜெட்டில் அழுக்கு அடைத்திருக்கலாம். மேலும் திணறினால் பெட்ரோல் மிகுதி. சுமையுடன் ஓடிய உடனே நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலும் தெரியும்: இளம்பழுப்பு நிறம் சரி, வெண்மையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, உலர்ந்த கரி படிந்திருந்தால் மிகுதி. ஜெட்டை ஊசி, கம்பி கொண்டு குத்தக்கூடாது. துளை மயிரிழை அகன்றாலும் அளவு மாறிவிடும். காற்றால் ஊதினால் போதும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

2025-ல் நாடு முழுவதும் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் கிடைக்கும் எத்தனால், ஒரு கிலோவுக்கு 9 கிலோ காற்றிலேயே எரிந்துவிடும். ஆகவே பழைய ஜெட் வழியாக அதே அளவு எரிபொருள் வந்தாலும் கலவை சற்றுக் காற்று மிகுந்ததாகவே அமையும். பில்டரையும் கழற்றிவிட்டால் இது இருமடங்குத் தொல்லை. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபின் விற்பனையான மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் எரிபொருள் ஊசி முறையில் இயங்குபவை. அவற்றில் ட்யூனிங் திருகு இல்லை, பில்டரைச் சுத்தமாக வைத்துக்கொள்வதோடு சரி. பழைய கார்புரேட்டர் வண்டிகளிலும், பெட்ரோல் விசைத்தெளிப்பான்களிலும் ரப்பர் வாஷர்கள் ஊறிக் கெடுகின்றனவா என்று அவ்வப்போது பார்க்கவேண்டும். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். நீர் சேர்ந்தால் அடியில் தனியே பிரிந்து தங்கும். சில வாரங்கள் ஓட்டாமல் நிறுத்துவதானால் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்திலுள்ள திருகைத் தளர்த்தி, தேங்கியதை ஒரு பாத்திரத்தில் வடித்துவிடவும். இயந்திரம் ஆறிய பிறகு, அடுப்பும் பீடியும் அருகில் இல்லாத இடத்தில் இதைச் செய்யவேண்டும்.