படலைக்கு வெளியே நின்ற பிள்ளை

திருக்குறளிலே கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். அதனை அடுத்து வருவது சூது. அதற்கும் அடுத்தது மருந்து. இவ்வடைவு கருதி வைக்கப்பட்டதா என்பதை உரைகாரரிடம் விட்டுவிடுவோம். ஆயினும், போதைப்பொருள் பற்றி நமது பாடசாலைகளில் நிகழும் சொற்பொழிவுகளைக் கேட்குந்தோறும், நாம் முதலாவது அதிகாரத்திலேயே நின்றுவிட்டோமோ என்னும் ஐயம் எழுகின்றது. பேச்சாளர் போதையின் இழிவை விரிப்பார், மாணாக்கர் கைதட்டுவர், கூட்டம் கலையும். கடைசி வாங்கிலே, ஏற்கெனவே அப்பழக்கத்தில் அகப்பட்ட பிள்ளை ஒருவன் இருந்தானாயின் அவனுக்குக் கிடைத்தது யாது? தான் இழிந்தவன் என்னும் செய்தி ஒன்றே. எங்கே போகவேண்டும், யாரைக் காணவேண்டும் என்பதை அவனுக்கு எவருஞ் சொல்லவில்லை.

மருந்து அதிகாரத்தின் நோக்கு வேறு. நோயுற்றவன், வைத்தியன், மருந்து என்னும் மூன்றோடு அஃது அமையவில்லை. அருகிலிருந்து துணைசெய்பவனையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே எண்ணுகின்றது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த நாலாமவர் யார்? பெரும்பாலும் தாய், சில வேளைகளில் ஆசிரியர். இக்கட்டுரை அந்த நாலாமவரை நோக்கியதே.

கஞ்சாவும் அபினும் இந்நாடு நெடுங்காலமாக அறிந்தவை. ஹெரோயின் பின்வந்தது. 1874 இல் இலண்டனில் முதன்முதலாக ஆக்கப்பட்ட அப்பொருளை 1898 இல் ஜேர்மனியின் பேயர் நிறுவனம் இருமல் மருந்தாக விற்றது என்பது இன்று கேட்போருக்கு வியப்பைத் தரும். இலங்கையில் அது 1980களின் தொடக்கத்திலே பரவியது. 1984 இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்பட்டது. அவ்வாண்டிலேயே சட்டமும் கடுமையாக்கப்பட்டது. அண்மைக் காலத்தில் 'ஐஸ்' எனப்படும் மெதம்பெற்றமைன் வந்து சேர்ந்தது. 2022 இல் அதற்கும் சட்டம் நீட்டப்பட்டது.

இளம் பருவத்தினர் ஏன் விரைவிலே சிக்குகின்றனர்? பின்விளைவை எண்ணித் தன்னை அடக்கும் மூளையின் முன்பகுதி முதிர்ச்சியடைய இருபத்தைந்து வயதளவாகின்றது. இன்பத்தை நாடும் பகுதியோ அதற்கு மிக முன்னரே விழித்துக்கொள்கின்றது. இவ்விடைவெளியிலே வந்து விழும் பொருள் வேரூன்றிவிடுகின்றது. ஹெரோயினுக்குப் பழகிய உடல், கடைசியாக உட்கொண்டு எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலத்துள் நடுங்கத் தொடங்கும், மூக்கொழுகும், எலும்பு நோகும், வயிறு கழியும். இரண்டாம் மூன்றாம் நாட்களில் வேதனை உச்சமடைந்து, ஒரு வாரமளவில் தணியும். அவ்வேளையில் அவன் வீட்டிற் களவெடுப்பது பெரும்பாலும் இன்பத்தை நாடியன்று, அவ்வேதனைக்கு அஞ்சியே. ஐஸின் போக்கு வேறு. உறக்கமும் பசியும் அற்றுப்போகும். யாவர்மீதும் ஐயம் பிறக்கும். இல்லாத குரல்கள் காதில் விழும்.

இன்னொன்றையும் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். சில வாரம் விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிடுகின்றது. மீண்டும் தவறுபவன் முன்னைய அளவையே எடுப்பானாயின், மூச்சடங்கி இறக்கவுங் கூடும். ஆதலால், பிள்ளையை மாமன் வீட்டில் ஒரு மாதம் பூட்டிவைத்து, 'இனிச் சுகம்' என்று திரும்ப அழைத்துவருவது சிகிச்சையன்று, ஆபத்தான சோதனையே.

பூட்டிவைப்பதற்குக் காரணம் அச்சம். பொலிசுக்கு அச்சம், ஊர் வாய்க்கு அச்சம், பாடசாலைக்கு அச்சம். இவற்றுள் மூன்றாவதையேனும் நாம் நீக்கலாம். பிள்ளையின் நண்பர் கூட்டம் திடீரென மாறுதல், நித்திரை தலைகீழாதல், காசு காணாமற் போதல், விளையாட்டில் விருப்பறுதல் ஆகியவற்றுள் ஒன்று மாத்திரம் எதனையும் நிறுவாது. துக்கத்திலிருக்கும் பிள்ளையும் இவ்வாறே காணப்படுவான். சில கூடி வரின், வகுப்பறையில் அன்று, தனியே அழைத்துக் கேட்டல் நன்று. புத்தகப்பையைச் சோதித்துவிட்டுக் கேட்பதிலும், கேட்டுவிட்டுக் காத்திருப்பது பயன்தரும். முதல் நாள் அவன் பொய் சொல்லுவான். சொல்லட்டும்.

உதவி இல்லாமலில்லை. மேற்கூறிய சபையின் 1927 என்னும் இலக்கத்திற்குத் தொலைபேசியில் அழைத்து ஆலோசனை பெறலாம். மனநலத் துன்பங்களுக்கு 1926 என்னும் இலக்கம் உண்டு. வடபகுதியில் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள்ளன. கொழும்பிலே சுமித்ரயோவின் 'மெல் மெதுர' இத்துறையிலே தொண்டாற்றுகின்றது. இவ்விலக்கங்களை அதிபர் அறையில் ஒட்டிவைப்பதிலும், மாணாக்கர் தனியே நின்று வாசிக்கக்கூடிய ஓரிடத்தில் ஒட்டிவைப்பது மேல்.

தடுப்பைப் பற்றி ஐஸ்லாந்தின் அனுபவம் கருதத்தக்கது. 1998 இல் அங்கே 15, 16 வயதினருள் நூற்றுக்கு 42 பேர் முந்திய மாதத்திலே குடித்து வெறித்தவர்கள். 2016 இல் அத்தொகை 5 ஆகக் குறைந்தது. கஞ்சா தொட்டவர் நூற்றுக்கு 17 இலிருந்து 7 ஆயினர். இதனைச் சாதித்தது சொற்பொழிவன்று. விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் ஒதுக்கியது. பெற்றோர் தம்முள் உடன்படிக்கை செய்தனர். குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்குப் பின் பிள்ளைகள் துணையின்றி வெளியே நிற்பதைச் சட்டம் தடுத்தது. நமது ஊர்களிலோ பிள்ளை விடியற்காலையில் ஒரு ரியூசன், பாடசாலை விட்டபின் இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமையும் ஒன்று என ஓடுகின்றான். மாலையில் விளையாட்டிடத்திலே மாடு மேய்கின்றது. பெற்றோர் அவன் ரியூசனிலே இருப்பதாக எண்ண, ரியூசன் ஆசிரியர் அவன் வீட்டிலே இருப்பதாக எண்ணும் அந்த ஒரு மணித்தியாலத்தை விற்பனைக்காரன் நன்கறிவான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் கற்பித்த பாடசாலையில், சாதாரண தர வகுப்பு மாணவன் ஒருவனிடம் தூள் அகப்பட்டது. ஒழுக்காற்றுக் குழு கூடி, அரை மணித்தியாலத்துள் விடுகைப் பத்திரம் கொடுப்பதென முடிவாயிற்று. ஏனைய பிள்ளைகளைக் காக்கவேண்டும் என்றோம், அது பொய்யுமன்று. நானுங் கையொப்பமிட்டேன். வைத்தியரிடம் அனுப்பலாமே என்னும் சொல் எவர் வாயிலும் வரவில்லை. அதன்பின் பல நாள் காலைகளில் அவன் படலைக்கு வெளியே மதிலோரம் நின்றதைக் கண்டேன். ஒரு நாளும் சைக்கிளை நிறுத்தியதில்லை.

மூன்று வருடங் கழித்து அவனுடைய தாயார் அவனை என் வீட்டுக்கு அழைத்துவந்தார். மெலிந்திருந்தான், சிகிச்சை பெற்றுத் திரும்பி எட்டு மாதமென்றார். தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்ற விரும்பினான். "சேர், கணக்கு மட்டும் காட்டித் தருவீங்களோ?" என்று கேட்டான். விண்ணப்பப் படிவத்தை மேசையிலே விரித்து இருவருமாக நிரப்பினோம். முன்னர் கற்ற பாடசாலை எதுவெனச் சொல்லவேண்டி வந்தபோது அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.