தழும்பிலும் அதுதான், மருந்திலும் அதுதான்

பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட தம்பிக்கு இன்னும் வலது கை சரியாக வரவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். "மூளை நரம்பை மறுபடி வளர்க்கிறார்களாமே, நிலத்தை விற்றாவது செய்யலாமா?" என்று கேட்கிறார்.

கையில் அறுபட்ட நரம்பு மெல்ல வளர்ந்து சேரும். மூளையிலும் தண்டுவடத்திலும் அப்படி நடப்பதில்லை. ஆனால் 1981-இல் மாண்ட்ரியலில் சாமுவேல் டேவிட்டும் ஆல்பர்ட் அகுவாயோவும் எலியின் கால் நரம்பைத் துண்டெடுத்துத் தண்டுவடத்துக்குப் பாலமாக வைத்தபோது, வளராது என்று கைவிடப்பட்டிருந்த நரம்பிழைகள் அதற்குள் சுமார் 3 சென்டிமீட்டர் ஓடின. அப்படியானால் வளரவிடாமல் செய்வது சூழல்.

அந்தச் சூழலில் எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் கான்ட்ராய்ட்டின் சல்ஃபேட். முழங்கால் வலி மாத்திரை அட்டையில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். நீளமான சர்க்கரைச் சங்கிலி இது. மூளையில் அடிபட்ட இடத்தில் உருவாகும் தழும்பில் புரதத்தோடு சேர்ந்து நின்று, வளர வரும் இழைகளை மறிக்கிறது. இதைச் சிதைக்கும் நொதியைச் செலுத்தினால் எலியின் தண்டுவட இழைகள் வளர்வதாக 2002-இல் லண்டனில் காட்டினார்கள்.

அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் லோஹிதாஷ் கரும்பையாவின் குழு இதே சர்க்கரையை வைத்தே 'மூளைப் பசை' செய்தது! சங்கிலியில் சல்ஃபேட் எங்கே ஒட்டியிருக்கிறதோ அதைப் பொறுத்து அதன் குணமே மாறிவிடுகிறது. ஒரு வகை, இழையைத் தடுக்கும். இன்னொரு வகை, நரம்பை வளர்க்கும் புரதங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கோடையில் எங்கள் வீட்டில் ஊறவைக்கும் சப்ஜா விதையைச் சுற்றி நிற்குமே, அப்படியொரு கூழ்தான் இந்தப் பசை. அதைக் கடுமையாகக் காயம்பட்ட எலிகளின் மூளையில் வைத்தார்கள். 20 வாரம் கழித்துப் பார்த்தால், கை நீட்டி இரையைப் பற்றியெடுப்பதில் அவை பசை வைக்காத எலிகளைவிடத் தேறியிருந்தன. 2021-இல் வெளியான ஆய்வு இது.

இந்த ஆய்வுகளில் சொன்னதெல்லாம் எலியில் கண்டது. ஆகவே ஸ்டெம் செல் ஊசி போட்டு மூளையைத் தளிர்க்க வைக்கிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களை நம்பாதீர்கள். ரத்த நோய்கள் போன்ற சிலவற்றைத் தவிர, முறையான ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் சிகிச்சை கூடாது என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறை. ஆய்வில் சேருபவரிடம் காசு வாங்கவும் கூடாது.

நிலம் இருக்கட்டும். பல வீடுகளில் சில மாதங்களிலேயே பிசியோதெரபியை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம். எஞ்சியிருக்கும் நரம்புகள் புது இணைப்புகள் போட்டுக்கொள்ளப் பயிற்சி வேண்டும். தம்பியைத் தினமும் அந்தக் கையாலேயே டம்ளரைத் தூக்கச் சொல்லுங்கள், சட்டைப் பட்டனையும் அவரே போடட்டும்.