ஒரே நோய்க்குள் மரணம் ஏன் பேதம் பார்க்கிறது?

குற்றாலத்துச் சாரல் பக்கத்து ஊரான இலஞ்சியின் எல்லாக் கூரைகள்மீதும் ஒன்றுபோல விழுந்தாலும், நனைகிறவர் ஒழுகும் கூரையின்கீழ் வாழ்பவரே அல்லரோ? நோயும் அவ்வாறே: 1918-இல் பம்பாயில் பரவிய இன்புளுவென்சா ஜுரத்தில், ஆயிரத்துக்கு ஐரோப்பியர் 8.3 பேரும் பார்சிகள் 9 பேரும் மாண்டிருக்க, தாழ்த்தப்பட்ட ஜாதியினரில் 61.6 பேர் மடிந்தனர்.

இந்த வித்தியாசத்துக்கு ரத்தத்தில் காரணம் தேடுவது வீண். காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான அறைகளில் கிருமி எளிதில் பரவ, அரைவயிற்று ஆகாரத்தால் தளர்ந்த தேகம் எதிர்ப்புச் சக்தியை இழக்க, ஓய்வும் சிசுருஷையும் கிட்டாத நோயாளியை நிமோனியா பற்றிக்கொண்டது.

இவ்வேற்றுமை பின்னாளிலும் நீங்கவில்லை. 2015–16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலும், ஆயிரம் குழந்தைகளில் ஐந்து வயதுக்குள் இறப்போர் பழங்குடியினரில் சுமார் 57. பட்டியல் ஜாதி, பழங்குடி, பிற்பட்ட வகுப்பு ஆகிய எதிலும் சேராதோரில் சுமார் 39. மனிதர் உண்டாக்கிய இவ்வேற்றுமையை, வீடும் உணவும் வைத்தியமும் யாவருக்கும் கிடைக்கச் செய்து, மனிதரே போக்குதல் தர்மமாகும்.