இருவழிக் கல்வி
ஆஸ்திரேலிய ஆதிகுடி மக்களின் நல நிலையங்களில் ஊழியர் பயிற்சி

பயிற்சி என்றவுடன், ஊழியரை நகரத்து வகுப்புக்கு அனுப்புவதும் அவர் சான்றிதழுடன் திரும்புவதுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. அவர் ஊரில் இல்லாத நாட்களில் அவருடைய வேலையை யார் பார்ப்பது என்ற கேள்வி எழுவதில்லை. ஆஸ்திரேலியாவில் ஆதிகுடி மக்கள் தாமே நடத்தும் சுகாதார நிலையங்களில் இக்கேள்வியைத் தள்ளிவைக்க இயலாது.

இத்தகைய நிலையங்களுள் முதலாவது 1971-ஆம் ஆண்டு சிட்னி நகரின் ரெட்ஃபெர்ன் பகுதியில் தோன்றியது. நாட்டின் நடுவிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் 1973-இல் மத்திய ஆஸ்திரேலிய ஆதிகுடி காங்கிரஸ் அமைந்தது. இவற்றின் நிர்வாகக் குழுவை அம்மக்களே தேர்ந்தெடுக்கின்றனர். இதன் பொருளைப் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

தொலைதூரச் சிற்றூர்களுக்கு டாக்டர்களும் நர்ஸுகளும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகின்றனர். பலர் சில மாதங்களே தங்குகின்றனர். நிலைத்திருப்பவர் உள்ளூர்ச் சுகாதார ஊழியர். நோயாளியின் மொழியும் உறவுமுறையும் அறிந்தவரும் அவரே. ஆயினும், 2012 ஜூலை முதல், பதிவு பெற்ற ஆதிகுடிச் சுகாதாரப் பணியாளராக விளங்க நாடு முழுவதற்குமான பதிவு வேண்டும். அதற்கு நான்காம் நிலைச் சான்றிதழ் வேண்டும். பயிற்சி பாதியில் நின்றால், பல்லாண்டு அனுபவமுள்ள உள்ளூர்க்காரர், சென்ற மாதம் வந்தவருக்கு உதவியாளராகவே இருந்துவிட நேரும்.

இதைத் தடுப்பதே பயிற்சி ஒருங்கிணைப்பாளரின் முதற்கடமை. ஊழியரைப் பல மாதங்கள் ஊரை விட்டுப் பிரிக்காமல், சில நாள் வகுப்பு, மீண்டும் பணி, மீண்டும் வகுப்பு என்று பாடத்தைப் பகுத்துக்கொள்கின்றனர். வடபகுதியிலுள்ள பேச்சலர் உயர்கல்வி நிலையம் நெடுங்காலமாகக் கைக்கொண்ட முறை இது. இரத்த அழுத்தம் பார்ப்பதும் புண்ணுக்குக் கட்டுப்போடுவதும் அன்றாட வேலையாதலால், தேர்வாளர் பணியிடத்துக்கே சென்று திறமையை மதிப்பிடலாம். வகுப்பு நாட்களில் மாற்று ஆளுக்கான சம்பளத்தை முன்கூட்டியே ஒதுக்கவேண்டும். இல்லையேல் நிலையம் மூடப்படும், அல்லது ஊழியரின் பயணம் நின்றுபோகும்.

பெயர்ப்பட்டியல் தயாரிப்பதுங்கூட எளிதன்று. மத்திய ஆஸ்திரேலியாவின் பல குடிகளில் மாமியாரும் மருமகனும் நேர்முகமாகப் பேசுவதில்லை. ஒருவருக்கொருவர் அருகில் அமர்வதையும் தவிர்ப்பர். அவர்களை ஒரே வகுப்பில் சேர்த்துவிட்டு, யாரும் வாய் திறக்கவில்லையே என்று வருந்திப் பயனில்லை. இறந்தவரின் பெயரைச் சில காலம் உச்சரிப்பதில்லை. அதே பெயருடையவர் உயிருடன் இருந்தால் அவரையும் வேறு பெயரால் அழைப்பர். ஆகவே, வருகைப் பதிவேட்டைப் படிக்குமுன் உள்ளூராரைக் கேட்டுக்கொள்வது நலம். சாவு நேர்ந்தால் உற்றார் அனைவரும் துக்கத்திற்குக் கூடுவர். அந்நாட்களில் வராதவரை நீக்காமல், விட்ட இடத்திலிருந்து தொடர இடந்தருமாறு கல்வி நிலையத்துடன் முன்னரே பேசி வைக்கவேண்டும். சிறுவயதில் வந்த காதுநோயால் செவித்திறன் குறைந்தோரும் பலர் உளர். இரைச்சலற்ற அறையும், முகம் பார்த்து நிறுத்திப் பேசும் ஆசிரியரும் அவர்களுக்குத் தேவை.

மறுபுறத்தில், வெளியிலிருந்து வரும் நர்ஸும் கற்கவேண்டியவரே. பெண்களுக்குரிய விஷயங்களை ஆண்களிடமும், ஆண்களுக்குரியவற்றைப் பெண்களிடமும் பேசலாகாது. கேள்விக்கு உடனே விடை வராமல் மௌனம் நிலவினால் அது அறியாமை ஆகாது. இவற்றை அவருக்கு யார் சொல்வது? 2018-இல் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய நர்ஸுகளின் நடத்தை விதிகள், நோயாளியின் பண்பாட்டை மதித்துப் பணியாற்றுவதைக் கடமையாகக் கூறுகின்றன. விதியைப் படித்தால் மட்டும் மதிப்பு வந்துவிடாது என்பது நம் கருத்து. ஊர் முதியோர் உடனிருந்து கற்பித்தால்தான் அது கைவரும். எனவே, பயிற்சித் திட்டம் வகுக்கும்போது நகரத்து ஆசிரியருக்கு ஊதியம் குறிப்பதுபோல், முதியோருக்கும் வரவு செலவுக் கணக்கில் ஊதியம் குறிக்கவேண்டும். அவர்களை அழைத்துவரும் வண்டிச் செலவையும் அதில் சேர்க்கவேண்டும்.