முகம் யாருக்குச் சொந்தம்?

செய்தித்தாளைப் பிரிக்கிறோம். ஆயுள் காப்பீட்டு விளம்பரம் ஒன்றில் தாயும் தந்தையும் இரு குழந்தைகளும் புல்வெளியில் அமர்ந்து சிரிக்கின்றனர். அடுத்த பக்கத்தில் முதியவர் ஒருவர் மார்பைப் பிடித்துக்கொண்டு வேதனையுடன் நிற்கிறார். அது மருத்துவமனை விளம்பரம். அந்தக் குடும்பத்தினர் அக்காப்பீட்டை எடுத்தவர்களா? அம்முதியவர் மெய்யாகவே இதய நோயாளியா? பெரும்பாலும் இல்லை. எந்த விளம்பரத்திற்கு என்ற குறிப்பு ஏதுமின்றி முன்னரே எடுத்துச் சேமித்து வைக்கப்பட்ட படங்கள் அவை. கடைக்காரர் சரக்கை இருப்பு வைப்பதுபோல் படங்களை இருப்பு வைத்து விற்பதால், இவற்றை 'ஸ்டாக்' படங்கள் என்று அத்தொழிலினர் அழைக்கின்றனர்.

இப்படங்களில் தோன்றும் முகங்களுக்கு உரியவர் யார்? எடுத்தவரா, விற்றவரா, வாங்கியவரா, அல்லது படத்தில் இருப்பவரா? நம் பிள்ளைகளின் படங்கள் நாள்தோறும் எடுக்கப்பட்டு எங்கெங்கோ செல்லும் இந்நாளில், ஒவ்வொரு குடும்பமும் சிந்திக்க வேண்டிய வினா இது.

விற்கப்படுவது எது?

இத்தொழில் எவ்வளவு பெரியது என்பதற்கு ஆட்டோ பெட்மன் என்பவரின் வரலாறு நல்ல சான்று. ஜெர்மனியில் நூலகப் பணியில் இருந்த இவர் யூதராகப் பிறந்த காரணத்தால் 1933இல் வேலையை இழந்தார். 1935இல் படங்கள் நிறைந்த இரண்டு பெட்டிகளுடன் அமெரிக்காவை அடைந்தார். மறு ஆண்டு நியூயார்க்கில் படக் காப்பகம் ஒன்றை நிறுவி, பத்திரிகைகளுக்கும் பதிப்பகங்களுக்கும் படங்களைப் பயன்படுத்தும் உரிமையை விற்கத் தொடங்கினார். 1995இல் பில் கேட்ஸின் கார்பிஸ் நிறுவனம் அதனை வாங்கியபோது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட படங்கள் அதில் இருந்தன. பின்னர் அப்படங்கள் கெடாமல் இருக்க, பென்சில்வேனியாவில் பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில், நிலத்தடியில் குளிரூட்டிய அறையில் வைக்கப்பட்டன.

பெட்மன் விற்றது படத்தையன்று, அதனைப் பயன்படுத்தும் அனுமதியை என்பதை வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். இன்றும் இத்தொழிலின் உயிர்நாடி அதுவே. இவ்வனுமதி இருவகைப்படும். முதல் வகையில், படம் எந்த இதழில், எத்தனை பிரதிகளில், எந்த நாட்டில், எவ்வளவு காலம் வரும் என்பதைப் பொறுத்து விலை அமையும். இரண்டாம் வகையில், ஒருமுறை பணம் செலுத்தியவர் அதே படத்தைப் பலமுறை பயன்படுத்தலாம். 2000ஆம் ஆண்டு கனடாவின் கால்கரி நகரில் தோன்றிய ஐஸ்டாக்போட்டோ நிறுவனம், இணையத்தின் வழியே சில டாலர்களுக்கே படங்களை விற்று இந்த இரண்டாம் வகையைப் பரவலாக்கியது. 2006இல் கெட்டி இமேஜஸ் நிறுவனம் அதனை 5 கோடி டாலருக்கு வாங்கியது. முன்பு பெரிய நிறுவனங்களால் மட்டுமே வாங்க முடிந்த படங்களைச் சிறு கடைக்காரரும் வாங்கும் நிலை பிறந்தது. ஆனால், படம் எந்தக் கைக்குச் செல்லும், எந்த வாசகத்தின் அருகே அச்சாகும் என்பதைப் படத்தில் உள்ளவர் அறிய முடியாத நிலையும் அதனோடு வளர்ந்தது.

மாவு விளம்பரத்தில் ஒரு பெண்

முகத்தின் உரிமை பற்றிய வழக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே நியூயார்க் மாநிலத்தில் எழுந்தது. ராபர்சன் என்னும் இளம்பெண்ணின் படத்தை அவருடைய சம்மதமின்றி மாவு ஆலை ஒன்றின் விளம்பரத்தில் அச்சிட்டனர். ஏறத்தாழ 25,000 சுவரொட்டிகள் கடைகளிலும் மதுக்கூடங்களிலும் ஒட்டப்பட்டன. தெரிந்தவர்களின் ஏளனத்திற்கு ஆளாகித் தாம் நோயுற்றதாக அப்பெண் வழக்குத் தொடுத்தார். 1902இல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம், இத்தகைய உரிமைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மக்கள் மனம் கொதித்தது. மறு ஆண்டே மாநிலச் சட்டமன்றம், விளம்பரத்திற்கோ வணிகத்திற்கோ ஒருவருடைய படத்தைப் பயன்படுத்த அவருடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று சட்டம் இயற்றியது. சிறுவர்களாயின் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதம் தர வேண்டும். வழக்கில் தோற்ற பெண்ணால் சட்டம் பிறந்தது!

இன்று ஸ்டாக் பட நிறுவனங்கள் கேட்டு வாங்கும் 'மாடல் ரிலீஸ்' என்னும் ஒப்புதல் பத்திரம் இத்தகைய சட்டங்களுக்கு ஏற்பவே அமைந்தது. அப்பத்திரம் இல்லாத படத்தைச் செய்தியுடன் வெளியிடலாம். விளம்பரத்திற்கு விற்கலாகாது என்பது இந்நிறுவனங்களின் பொது விதி.

கையொப்பம் இல்லாத படம்

விதி இருந்தும் தவறு நேர்ந்தது. 2013இல் அதே நியூயார்க் மாநிலத்தில், மனித உரிமைகளைக் காக்க வேண்டிய அரசுத் துறையே, எச்.ஐ.வி. தொற்று உடையோருக்கும் உரிமைகள் உண்டு என்று விளம்பரம் வெளியிட்டது. நோக்கம் நல்லது. ஆனால் அவ்விளம்பரம், படத்திலிருந்த இளம்பெண்ணே தமக்கு அத்தொற்று இருப்பதாகக் கூறுவதுபோல் அமைந்திருந்தது. அவருக்கோ அத்தொற்று இல்லை. வேறொரு கட்டுரைக்காக எடுத்த அப்படத்தை, அவருடைய கையொப்பம் பெறாமலேயே புகைப்படக்காரர் ஸ்டாக் நிறுவனத்திடம் அளித்திருந்தார். நிறுவனம் அரசுத் துறைக்கு விற்றது. அப்பெண் செய்தித்தாளில் வந்த தம் முகத்தைக் கண்டு திகைத்தார். 1903ஆம் ஆண்டுச் சட்டமே அவருக்குத் துணைநின்றது. அரசு பொறுப்பேற்க வேண்டும் என்பதை 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது.

நோயுற்றிருப்பது இழிவன்று. ஆனால் ஒருவருடைய உடல்நிலையைப் பற்றி உண்மையல்லாததை ஊரறியச் சொல்ல எவருக்கு உரிமை உண்டு? எடுத்தவர் ஒருவர், விற்றவர் ஒருவர், வெளியிட்டவர் ஒருவர். அவமானத்தைச் சுமந்தவரோ இம்மூவருள் எவரும் அல்லர்.

கையொப்பம் இடுமுன்

இன்று இன்னொரு வகை அனுமதியும் விற்கப்படுகிறது. செயற்கை நுண்ணறிவுக் கணினிகளுக்குப் பயிற்சி அளிக்க, படத் தொகுதிகளுக்கே உரிமம் வழங்குகின்றனர். 2023இல் ஷட்டர்ஸ்டாக் நிறுவனம் ஓப்பன்ஏஐ நிறுவனத்துடன் ஆறு ஆண்டுகளுக்கு அவ்வாறு ஒப்பந்தம் செய்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒப்புதல் பத்திரத்தில் கையொப்பமிட்டவர் இப்படி ஒரு பயனைக் கனவிலும் கருதியிருப்பாரா?

ஆகவே, புகைப்படக்காரர் எவரேனும் நம்மிடமோ நம் குழந்தையின் பொருட்டோ ஒப்புதல் பத்திரத்தை நீட்டினால், அதனை முழுவதும் படித்துப் பார்ப்போம். எதற்கு, எவ்வளவு காலம், எவரிடம் செல்லும் என்று கேட்போம். விளக்கம் கிடைக்காவிடில் மறுப்போம். மறுப்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு. அதுபோலவே, விழா மலருக்கோ கடை விளம்பரத்திற்கோ எங்கிருந்தோ ஓர் அழகிய முகத்தை எடுத்து ஒட்டுமுன், அது ஒருவருடைய மகளின் முகம், ஒருவருடைய தந்தையின் முகம் என்பதை எண்ணிப் பார்ப்போம். படத்திற்கு விலை உண்டு. அதில் இருக்கும் மனிதரின் மதிப்பை எவராலும் விலைக்கு வாங்க இயலாது.