உண்ட சத்து யாருக்கு?

ஏற்காட்டில் கீரை விற்கும் அம்மாவிடம் இது எதற்கு நல்லது என்று கேட்டால், "ரத்தம் ஊறும்" என்பார். சரிதான். கீரையிலுள்ள ஃபோலேட் போதாவிட்டால் ரத்த அணுக்கள் ஒழுங்காக உருவாகாது. ஆனால் ரத்தப் புற்றுநோய் அணுவுக்கும் அதே சத்துதான் தீனி. அந்தத் தீனியைக் கெடுத்தே மருந்து கண்டவர்களில் முக்கியமானவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ்.

பீமவரத்தில் 1895-ல் பிறந்தவர். கதர் உடுத்தியதால் வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு ஆகாதவராகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறினார். ஸ்ப்ரூ என்ற தீராத வயிற்றுப்போக்கு அவர் சகோதரர்களைக் கொண்டுபோனது, அவரையும் பிடித்தது. சென்னையில் ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதி காப்பாற்றினார். உண்ட சத்து உடம்பில் ஒட்டாமல் போவது என்னவென்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

1923-ல் பாஸ்டன் போனார். இரவில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை, பகலில் ஹார்வர்டு ஆய்வுக்கூடம். ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்க அங்கிருந்த ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து 1925-ல் அவர் வகுத்த முறை இன்றும் இருவர் பெயராலேயே வழங்குகிறது. முனைவர் பட்டம் வந்தது 1930-ல். மாணவப் பருவத்திலேயே பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டவருக்கு ஹார்வர்டு நிரந்தர வேலை தரவில்லை என்பதை என்னவென்று சொல்ல!

லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். 1945-ல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அவ்வகைச் சத்தை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் வேகம் பிடித்ததாகவே அவருக்குத் தோன்றியது. அப்படியானால் சத்தைத் தடுத்தால்?

சுப்பாராவின் குழு அமினோப்டெரினை அனுப்பியது. பார்வைக்கு ஃபோலிக் அமிலம் போலவே இருக்கும் போலிச் சாவி அது. அணுவின் நொதியில் நுழைந்து மாட்டிக்கொள்ளும். பிறகு புது டி.என்.ஏ. கட்ட வழியில்லை, அணு பெருக முடியாது. 1948-ல் ஃபார்பர் வெளியிட்ட முடிவுகளில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்திருந்தது. தற்காலிகமாகத்தான். ஆனாலும் அதற்கு முன் மருந்தால் அந்த நோயை யாரும் அந்த அளவுக்கு அசைத்ததில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில் சுப்பாராவ் காலமானார்.

அமினோப்டெரினின் தம்பி மெத்தோட்ரெக்சேட் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது. மூட்டுவாதக்காரர்களுக்கும் அதுதான், வாரம் ஒருமுறை, குறைந்த அளவில். வாய்ப்புண் முதலிய தொல்லைகள் வராதிருக்க, கூடவே டாக்டர் எழுதித் தரும் இன்னொரு மாத்திரை ஃபோலிக் அமிலம்.