கீழே கடை, மேலே வீடு: தீப்பிடித்தால் நடுவில் இருக்கும் சுவர் காப்பாற்றுமா?

தரைத்தளத்தில் ஹோட்டல், முதல் மாடியில் டியூஷன் சென்டர், அதற்கு மேலே வீடுகள். நம்ம ஊர் கடைவீதிகளில் இப்படிப்பட்ட கட்டடங்கள் சர்வசாதாரணம். கீழே தீப்பிடித்தால், மேலே இருப்பவர்களுக்குத் தப்பிக்க எவ்வளவு நேரம் கிடைக்கும்? இரண்டுக்கும் நடுவே என்ன தடுப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

செகந்திராபாத்தில் நடந்தது என்ன?

2022 செப்டம்பர் 12 இரவு. செகந்திராபாத்தில் கீழ்ப்பகுதியில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூமும், மேல் மாடிகளில் லாட்ஜும் இயங்கிய ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தது. 8 பேர் உயிரிழந்தனர். கீழே எழுந்த கரும்புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறியதுதான் வினையாகிப்போனது. தப்பிக்க வேண்டிய வழியே புகைபோக்கியாக மாறிவிட்டது.

விதி என்ன சொல்கிறது?

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் தேசிய கட்டட விதித்தொகுப்பு (2016), பயன்பாட்டை வைத்து கட்டடங்களை 9 வகையாகப் பிரிக்கிறது. வீடு, பள்ளி, மருத்துவமனை, தியேட்டர், அலுவலகம், கடை, தொழிற்சாலை, குடோன், அபாயகரமான பொருட்கள் உள்ள இடம் எனப் பட்டியல் நீள்கிறது. இதில் லாட்ஜ், கடையோடு சேராது, வீட்டோடுதான் சேரும். காரணம், அங்கே ஆட்கள் தூங்குகிறார்கள். தூங்குபவருக்கு ஆபத்து தாமதமாகத்தான் தெரியும்.

ஒரே கட்டடத்தில் இரண்டு வகைப் பயன்பாடு இருந்தால், எதில் ஆபத்து அதிகமோ அதற்கான விதியே முழுக் கட்டடத்துக்கும் பொருந்தும். இல்லையென்றால், குறிப்பிட்ட நேரம் தீயைத் தாங்கும் சுவரால் இரண்டையும் பிரிக்க வேண்டும். இந்தத் தொகுப்பு ஒரு பரிந்துரைதான். மாநில அரசுகள் தங்கள் விதிகளில் சேர்க்கும்போதே அதற்குச் சட்ட பலம் கிடைக்கிறது.

சுவர் இருந்தால் போதாதா?

போதாது. தீயைத் தாங்குவது என்றால் 3 விஷயங்கள்: சுவர் இடிந்து விழக் கூடாது, தீயும் புகையும் உள்ளே புகும் விரிசல் விடக் கூடாது, மறுபக்கம் பொருட்கள் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடாகக் கூடாது.

அப்படிப்பட்ட சுவரிலும் கேபிளுக்காகப் போட்ட ஓட்டையை அடைக்காமல் விட்டால் புகை புகுந்துவிடும். தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவுக்கு செங்கல்லை முட்டுக் கொடுத்துத் திறந்தே வைத்தால், அது இருந்தும் இல்லாததுதான். சுவர் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிட்டால், தீ அதற்கு மேலே தாண்டிவிடும்.

மேல்பக்கம் தடுப்பு இல்லாவிட்டால் என்னாகும் என்பதைத் தமிழ்நாடு 2004 ஜூலை 16 அன்று பார்த்தது. கும்பகோணம் பள்ளியின் சமையல்கூடத்தில் பிடித்த தீ, வகுப்பறைகளின் கீற்றுக்கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் இறந்தனர்.

நீங்கள் எதைக் கவனிக்கலாம்?

* கடைக்கும் வீட்டுக்கும் ஒரே படிக்கட்டா, தனித்தனியா?
* படிக்கட்டுக்குக் கீழே ஸ்கூட்டர் சார்ஜ் போடுகிறார்களா, அட்டைப்பெட்டி, சிலிண்டர் அடுக்கியிருக்கிறார்களா?
* மொட்டை மாடிக் கதவு பூட்டிக் கிடக்கிறதா?
* வீடாக இருந்த தளம் குடோனாகவோ ஹாஸ்டலாகவோ மாறியிருக்கிறதா? அதற்கு அனுமதி வாங்கியிருக்கிறார்களா?

வாடகைக்கு வீடு பார்க்கும்போது தண்ணீர் வருமா, பார்க்கிங் இருக்கா என்று கேட்கிறோம். கீழே என்ன கடை, அதில் என்ன சரக்கு என்பதையும் சேர்த்தே கேட்டுவிடுவது நல்லது.